எந்த டப்பா உன்னுடையது

வகிடு எடுக்கப் பிடிக்காத என் அண்ணாவுக்கு,

இல்லை, தேங்காய் எண்ணெய் இல்லை. அதை அப்பாவிடம் நேராகச் சொல்ல முடியவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

நீ போய் ஒரு வருஷம் நிறையப் போகிறது. கூடத்துச் சுவரில் இன்னும் நீ இல்லை. உனக்கென்று இருக்கும் ஒரே படம் ஆபீஸ் அடையாள பாஸில் ஒட்டியிருந்த சின்னப் படம்தான். அதில் உனக்கு மொட்டை.

எப்படி நேர்ந்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். அப்பாவுக்கு மார்வலி வந்தது. அம்மா திருப்பதிக்கு வேண்டிக்கொண்டாள். தன் முடியை அல்ல, உன் முடியை. அப்பா எழுந்து உட்கார்ந்தார். நீ ஒரு வார்த்தை பேசாமல் ரயிலேறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாய். வந்த மறுநாள் ஆபீஸில் புது அடையாள பாஸுக்கென்று எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு மாதம் பொறுங்கள் என்று நீ கேட்டிருக்கலாம். கேட்டிருக்க மாட்டாய்.

வேறு படம் ஏன் இல்லை? கல்லூரியில் க்ரூப் போட்டோ எடுத்த அன்று மழை. தலை நனைந்து கலைந்துவிட்டது என்று பாதி வழியில் திரும்பி வந்தாய். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம்.

மொட்டையோடு உன்னைச் சுவரில் மாட்டினால், நீயே உனக்குத் துக்கம் காப்பதுபோல் இருக்கும். அம்மா அந்தப் படத்தைக் கையில் வாங்கக்கூட இல்லை. "அது நான் வேண்டிண்டது. என் பிள்ளை இல்லை" என்றாள்.

எனக்கு வேறு பயம். உன் முகம் எனக்குள் மங்கிக்கொண்டு வருகிறது. குரல் இருக்கிறது. படியேறும் சத்தம் இருக்கிறது. முகம் மட்டும் ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் போய்விட்டது. அந்தச் சின்னப் படத்தை அதிகம் பார்த்தால் என் நினைவிலும் உனக்கு மொட்டை அடித்துவிடுவேனோ?

கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஸ்டுடியோ இருக்கிறதே, அங்கே செல்லையா என்று ஒருவர். பழைய படங்களைப் பெரிதாக்கி, அழிந்த இடங்களை மெல்லிய பிரஷ்ஷால் வரைந்து சரிசெய்வது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கம். தாராவியிலிருந்து தினமும் நடந்து வருகிறார். உன் பாஸ் படத்தை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். முகம் நன்றாக வந்துவிடும் என்றார். பிறகு கேட்டார்: "தலைக்கு என்ன தேய்ப்பாரு உங்க அண்ணன்?"

அதுவா இப்போது முக்கியம் என்று நினைத்தேன். முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"படத்துல முடின்னு ஒண்ணு கெடையாது தாயி. கருப்பும், அது மேல விழுத வெளிச்சமும்தான். எண்ணெய்னா வெளிச்சம் பாளமா நிக்கும். க்ரீம்னா பரவிரும். பொமேட்டுன்னா சீப்புப் பல்லுக்குப் பல்லு கோடு விழும். நீங்க ஒண்ணு சொல்லி நான் ஒண்ணு வரைஞ்சம்னா, அது வேற ஆளு."

வேற ஆளு. அந்தச் சொல்லோடு வீட்டுக்கு நடந்தேன்.

அப்பாவிடம் கேட்டேன். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் தேங்காய் எண்ணெய், இடது பக்கம் வகிடு என்றார். அவர் பார்த்த நீ அதுதான். காலையில் அவர் எதிரே எண்ணெய் வைத்து வகிடெடுத்து, டிபன் டப்பாவோடு கிளம்புகிறவன். நான் எம்.ஏ. படித்த இரண்டு வருஷமும் உன்னோடுதான் ரயிலேறினேன். மாதுங்காவில் நீ ஆண்கள் பெட்டிக்குப் போவாய், நான் பெண்கள் பெட்டிக்கு. கடைசி ஸ்டேஷனான வி.டி.யில் இறங்குகிறவன் வேறொருவன். வகிடு இருக்காது. முடி முழுவதும் நெற்றியிலிருந்து பின்னால், ஒரே வீச்சாக. கூட்டத்தில் எனக்கு முன்னால் நடப்பாய். சாயங்காலம் ஸ்டேஷன் குழாயில் தலையை நனைத்து, வகிடெடுத்து, அப்பாவின் பிள்ளையாக வீடு திரும்புவாய்.

எந்த ஸ்டேஷனில் மாறுவாய் அண்ணா? பைகுலாவிலா, மசூதியிலா? ஒருநாளும் நான் கேட்கவில்லை.

ஒரு தட்டை டப்பா உன் பைக்குள் போவதை ஒரு முறை பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். ஆபீஸிலிருந்து உன் சாமான்களைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அனுப்பியபோது பேனா இருந்தது, சீப்பு இருந்தது, அந்த டப்பா இல்லை. யாரோ எடுத்துக்கொண்டிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை. ஊரில் யாரோ ஒருவர் தலையில் நீ கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோயிருப்பாய்.

ஆகவே மாதுங்கா மார்க்கெட்டில் அந்தக் குஜராத்திக்காரர் கடைக்குப் போனேன். ஆண்கள் தலைக்குப் போடுவது வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நயா நயா ஷாதி?" என்று கேட்டார். புதிதாகக் கல்யாணமானவள் என்று நினைத்துவிட்டார். நானும் தலையாட்டினேன். வேறென்ன சொல்ல? முடி கனமா, மெல்லிசா என்று கேட்டார். கனமாக இருக்கிறது என்றேன். இருந்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

அவர் மேஜைமேல் மூன்றை வரிசையாக வைத்தார். கண்ணாடி ஜாடியில் வெள்ளை க்ரீம்: ஈரத் தலையில் தேய்க்க வேண்டும், மெதுவான மினுப்பு. சீசாவில் பச்சையாகப் பிரில்லியன்டைன்: நாலு சொட்டு போதும், கண்ணாடிபோல் பளபளக்கும். தட்டை டப்பாவில் மஞ்சள் மெழுகாகப் பொமேட்: காய்ந்த தலைக்கு, உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்துப் பூச வேண்டும். கடல் காற்றிலும் கலையாது என்றார். ஆனால் எனக்கு க்ரீமைத்தான் சிபாரிசு செய்தார். பொமேட் தலையணையைக் கெடுத்துவிடுமாம், புதுப்பெண்ணுக்குத் துவைத்து மாளாதாம்.

மூன்றையும் வாங்கினேன்.

தட்டை டப்பா என்பதால் பொமேட் என்று உடனே முடிவு செய்திருக்கலாம். ஆனால் அந்தக் கடை அலமாரியில் க்ரீமும் தட்டை டப்பாவில் இருந்தது. நான் பார்த்ததோ டப்பாவின் விளிம்பை. தலையைப் பார்த்ததோ பின்னாலிருந்து. முன்னால் எப்படி இருந்தது? வெளிச்சம் உன் தலையில் பரவியதா, கோடு விழுந்ததா?

சோதித்துப் பார்க்க ஒரு தலை வேண்டும். உன் நெற்றி யாருக்கு இருக்கிறது? இரண்டு பக்கமும் உள்ளே வாங்கி, நடுவில் ஒரு முனை இறங்கும் நெற்றி. எனக்குத்தான்.

ஒரு நாளைக்கு ஒன்றாக, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பின்னலைப் பின்கழுத்தில் சுருட்டிச் செருகிக்கொண்டு தேய்த்தேன். க்ரீம் முதல் நாள். நன்றாகத்தான் படிந்தது. கூடத்து விசிறிக்குக் கீழே வந்து நின்றதும் முடி எல்லாவற்றையும் மறந்துவிட்டது. பிரில்லியன்டைன் இரண்டாம் நாள். மினுங்கியது, காதோரம் வழிந்தது. அன்று அம்மா என் பின்னால் வந்து நின்றாள். ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் பொமேட். கூடத்திலிருந்து அப்பா என்ன வாசனை என்று கேட்டார். புது ஊதுபத்தி என்று அம்மா சமையலறையிலிருந்து பதில் சொன்னாள். பிறகு வந்து குளியலறைக் கதவைத் தட்டினாள்.

உள்ளே வந்து என் தலையில் மூக்கை வைத்தாள். ஒரு நிமிஷம் அப்படியே இருந்தாள்.

"இதுதான்டி."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழமை தலகாணி ஒறையெல்லாம் தோய்க்கறது யாரு, நீயா? வெந்நீர் விடாம இந்தப் பிசுக்கு போகுமா? எனக்கு முதல்லேர்ந்தே தெரியும்."

"ஏம்மா கேக்கலை?"

"கேட்டா நிறுத்திடுவான்."

ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நீ மொட்டை அடித்துக்கொண்டு வந்த பிறகு ஐந்தாறு மாதம் உறை சுத்தமாக இருந்ததாம். தோய்க்கும்போதெல்லாம் அவளுக்கு என்னவோபோல் இருக்குமாம். மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிசுக்கு கையில் பட்டபோது குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதாளாம். கடவுள் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று. அதற்கு எட்டாவது வாரம் உனக்கு மஞ்சள் காமாலை.

முடியை எப்படிச் சீவியிருந்தாய் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "தூங்கறச்சே பார்ப்பேன். சாயங்காலம் எடுத்த வகிடெல்லாம் போயிடும். முடி தானா பின்னால போய்ப் படிஞ்சுக்கும். பகலெல்லாம் எங்க இருந்துதோ அங்க."

இதை நான் எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன் என்று தெரியாது. நீ தூங்குகிறாய். உன் முடி மட்டும் எழுந்து, ரயிலேறி, வி.டி.க்குப் போகிறது.

திங்கட்கிழமை அம்மாவும் ஸ்டுடியோவுக்கு வந்தாள். டப்பாவைச் செல்லையாவிடம் காட்டினேன். இந்த நெற்றியைப் பார்த்து வரையுங்கள் என்று என்னையும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய ஸ்டுடியோ கோட்டை எடுத்துக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தினார். சீப்பை நான் எடுக்கும் முன் அம்மா எடுத்துவிட்டாள்.

அவள் உள்ளங்கையில் மெழுகு உருகும்வரை தேய்த்தாள். பின்பு நெற்றியிலிருந்து பின்னால், பின்னால், பின்னால். என்னை அவள் பார்க்கவில்லை. நெற்றியை மட்டும் பார்த்தாள். எதிரே கண்ணாடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். எனக்கு அவனைத் தெரியும்.

முடித்த பிறகு சுண்டுவிரலால் ஒரே ஒரு இழையை இழுத்து என் நெற்றியில் விட்டாள். "எத்தனை தேய்ச்சாலும் இது நிக்காது அவனுக்கு. இதை விட்டுடாதீங்கோ" என்றாள் செல்லையாவிடம்.

"விட மாட்டேன்மா" என்றார் அவர். "இதுதான் ஆளு."

நேற்று, சனிக்கிழமை, படம் வந்தது. காகிதத்தை அப்பா பிரித்தார். நானும் அம்மாவும் சமையலறை வாசலில் நின்றோம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"வகிட்டைக் காணுமே" என்றார்.

படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஆபீஸ்ல இப்படித்தான் இருப்பானா?"

ஆமாம் என்றேன். அவர் படத்தைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். சீப்புக் கோடுகள் தெரிந்தன. நெற்றியில் அந்த இழை.

"நன்னா இருக்கான்" என்றார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கிட்ட காட்டியிருக்கலாம்."

பிறகு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, ஆணியைத் தானே அடித்தார்.

காட்டியிருக்கலாமா, அண்ணா? ஒருநாள் அவரையும் ரயிலேற்றி வி.டி.க்கு அழைத்துப் போயிருக்கலாமா? தெரியவில்லை. இப்போது தினமும் காலையில் பேப்பரை அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் படிக்கப்போகிறார் என்று தோன்றுகிறது. இன்று காலை நாற்காலியைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

மற்றபடி செய்திகள். எனக்குச் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. இனி எதிர்த்திசை ரயில். டிராமை நிறுத்திவிட்டார்கள். தாதரில் தண்டவாளம் மட்டும் தெருநடுவே கிடக்கிறது, யாரோ எடுத்துவிட்டுப் போன வகிடு மாதிரி. உனக்குப் பிடிக்காது.

உன் முகம் திரும்பி வந்துவிட்டது. சுவரில் இருக்கும் முகம் உன்னுடையது, முடி என்னுடையது. அம்மா திருப்பதிக்குக் கொடுத்ததை நான் என் முடியைக் கொடுத்து மீட்டதாக நினைத்துக்கொள்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

வருஷாவருஷம் உன் நாளில் மாலை போடுவார்கள். சந்தனப் பொட்டு வைப்பார்கள். மாலை நெற்றியை மறைக்காமல் பார்த்துக்கொள்வேன். என்றைக்காவது கண்ணாடி மாற்ற, நிறம் பூச என்று யாராவது எடுத்துப்போனால் கூடவே போய் நிற்பேன். அந்த ஒற்றை இழையைத் தூக்கிச் சீவ ஒருவரையும் விடமாட்டேன்.

உன் நெற்றியை வைத்துக்கொண்டிருக்கும்
தங்கை

இதை எழுதி முடித்ததும் என் தலையணை உறையைக் கழற்றினேன். திங்கட்கிழமையிலிருந்து மாற்றாத, பொமேட் பிசுக்கு ஏறிய உறை. இன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா வெந்நீர் வைத்திருந்தாள். அவள் கையில் கொடுத்தேன்.