ஆரினுக்கு எண்பத்தெட்டு

ஜனவரி 12
வெர்மான்ட் மாநிலத்திலேயே, ஏன், சூரிய மண்டலத்திலேயே தலைசிறந்த அரசியல் சிந்தனையாளனாகிய எனக்கு எங்கள் ஊர் இணைய மன்றம் இன்று போட்ட மதிப்பெண்: நூற்றுக்குப் பதினொன்று. கருத்தின் தரத்தை அளக்கிறதாம் புதுக் கருவி! ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆரினுக்கு எண்பத்தெட்டு. பல் பிடுங்கிப் பிழைத்தவனுக்கு!

ஜனவரி 15
என் வீட்டெதிரே இருக்கும் மரப்பாலத்தைப் பழுதுபார்க்கவேண்டும் என்பது என் கட்சி. மூடினால் கடைக்குப் போக மலையையே சுற்றவேண்டும். வரி தாங்காது, மூடுங்கள் என்பது ஆரின் கட்சி. "மூடினால் பாதி ஊர் பட்டினியில் சாகும்" என்று எழுதினேன். கருவி கேட்கிறது: ஆதாரம்?

ஜனவரி 16
ஒன்பது.

பிப்ரவரி 2
கட்டிய மனைவி லோர்னாவே ஆரினுக்கு லைக் போட்டிருக்கிறாள்! கேட்டால், "அவரு நிதானமா எழுதறாரு. நீ எழுதினா கரடி தட்டச்சு பண்ணின மாதிரி இருக்கு" என்கிறாள். நான் கரடியா? வயிறு எரியுதே!

பிப்ரவரி 9
சூட்சுமம் பிடிபட்டது. எதிராளியின் வாதத்தை அவனே மெச்சும்படி எடுத்துச் சொன்னால் மதிப்பெண் கொட்டுகிறது. ஆரின் திணறித் திணறிச் சொன்னதையெல்லாம் தேனாக ஊற்றினேன். விறகு வாங்குவதா, வரி கட்டுவதா என்று தவிக்கும் வீடுகளை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. என் கட்சிக்காக எழுதியது கடைசியில் ஒரே ஒரு வரி: நடந்து போகவாவது விடுங்கள்.

"அப்ப நம்ம பாலம்?" என்றாள் லோர்னா.

பாலம் கிடக்கட்டும். தொண்ணூற்றொன்று!

மார்ச், முதல் செவ்வாய்
ஊர்க்கூட்டம். மூடும் பக்கம் காடு மாதிரிக் கைகள். "நீங்க எழுதினதப் படிச்சுதாங்க மனசு மாறினேன்" என்று தபால்காரர் என் கையைக் குலுக்கினார். வீடு திரும்பும்போது லோர்னா பத்தடி முன்னாலேயே நடந்தாள். என்ன காரியம் பண்ணிட்டேன் — ஒரு பல்டாக்டரை ஜெயிக்கவா?

மார்ச் 28
கூட்டத்துக்குப் பிறகு மன்றத்தின் பக்கமே போகவில்லை. பாலத்தில் தடுப்பு வைத்தாயிற்று, வண்டிகளுக்கு மட்டும். மாலையில் ஆரின் அதன்மேல் நடந்தே வந்தான், கையில் ஆப்பிள் கேக்.

"வின்ஸ்லோ, என் கட்சிய உன்ன மாதிரி எனக்கே சொல்ல வரலடா. ஆனா உன் கடைசி வரி உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நடக்கறவங்களுக்குத் திறந்து வைங்கன்னு மன்றத்துல எழுதினேன். ஊர்க்குழு ஒத்துக்கிச்சு."

சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்தான். அவன் போனதும் மன்றத்தைத் திறந்தேன். மனதை மாற்றிக்கொண்டதற்காம், ஆரினுக்கு — தொண்ணூற்றேழு!

கேக் ஓரத்தில் கருகியிருந்தது. ஆதாரம் கேட்காதீர்கள், முழுவதையும் தின்றுவிட்டேன்.