ஜெர்மன்காரர்களின் முதல் ஆல்பத்தில் என் வாப்பா

சத்தமாகப் பேசி நான் ஒருநாளும் கேட்டிராத என் வாப்பாவுக்கு,

நீங்கள் ஜெர்மனியில் இருக்கிறீர்கள். விசா இல்லாமல், டிக்கெட் இல்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறீர்கள். உங்களை இங்கே ஷார்ஜா மண்ணில் அடக்கிவிட்டு வந்ததை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் நான் சொல்வது உண்மை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த நேரத்தில், உங்களோடு கச்சேரி மேடை கட்டும் வேலை பார்த்த முருகேசன் மாமா வந்தார். நானும் உம்மாவும் தரையில் உட்கார்ந்து அபாயா அங்கிக்கு மினுக்குக் கல் ஒட்டிக்கொண்டிருந்தோம். நீங்கள் போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இப்போது இதுதான் என் வேலை. மாமா செருப்பைக் கழற்றும் முன்பே போனை நீட்டினார்.

"ஏ புள்ள, ஹெட்போனை மாட்டு. ஒண்ணும் கேக்காத. மாட்டு."

"என்ன மாமா?"

"நம்ம லம்பு இருந்தாம்ல, சவுண்டு பாக்குற ஜெர்மன்காரன்? ஊருக்குப் போயி கூட்டாளிகளோட பேண்டு வச்சிருக்கான். மொத ஆல்பம். அனுப்பியிருக்கான்."

லம்புவை உங்களுக்கு நினைவிருக்கும். உயரமாக இருந்ததால் நீங்கள் எல்லாரும் வைத்த பெயர். ஆல்பத்தின் அட்டைப் படத்தில் புயலில் ஒரு பாய்மரக் கப்பல், அதைச் சுற்றி வளைத்த கடல் பாம்பு, கப்பல் முனையில் வாள் பிடித்த ஒருவன். பவர் மெட்டல் என்று இந்த மாதிரிப் பாட்டுக்குப் பெயராம். மேளம் குதிரை ஓடுவதுபோல ஓடும், பாடுகிறவன் கூரையைத் தொடுகிற மாதிரி உச்சத்தில் கத்துவான், பின்னால் ஒரு கூட்டமே கோரஸ் பாடும். எல்லாம் போர், மலை, டிராகன் கதைகள். எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதல் பாட்டு அலைச் சத்தத்தோடு தொடங்கியது. கயிறு முறுகும் சத்தம் வந்தது. பிறகு ஒரு மனிதக் குரல்.

"வெள்ளிக் கெழம..."

"ஐலசா!" என்று பல ஆண்கள்.

என் கையிலிருந்த கல் டப்பா கவிழ்ந்தது. வாப்பா, அது நீங்கள்.

இந்த அதிர்ச்சி என்னவென்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? உங்கள் குரல் எங்களிடம் இல்லை. ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்களின் வீடுகளில் போன் நிறைய வாய்ஸ் மெசேஜ் இருக்கிறது. நாம் ஒரே ரூமில் சேர்ந்து வாழும் கொடுப்பினை பெற்றவர்கள். ஒரே ரூமில் இருப்பவர்கள் யாருக்கு யார் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார்கள்? உங்கள் போன் கம்பெனியுடையது. உங்கள் விசாவைக் கேன்சல் செய்தபோது உம்மா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரியம்மா வீட்டுக் கல்யாண வீடியோவில் நீங்கள் பேசுகிறீர்கள். வாய் அசைகிறது, மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் தெரியுமா?

அப்படித் தேடிய குரல், கடல் பாம்புப் படத்துக்கு உள்ளே இருந்தது.

அதைவிட ஒன்று. அது எனக்குத் தெரியாத குரலாகவும் இருந்தது. வீட்டில் நீங்கள் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பக்கத்து பார்ட்டிஷனுக்குக் கேட்காதபடிதான் பேசுவீர்கள். நான் யாரிடமும் வாய் திறக்காததைப் பார்த்து உம்மா, "வாப்பாவை அப்படியே உரிச்சு வச்சிருக்கா" என்பார். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் அங்கே நீங்கள் ஒரு மைதானத்துக்கே கேட்கிற மாதிரி கத்துகிறீர்கள்! சிரித்துக்கொண்டே கத்துகிறீர்கள்!

மாமாதான் விளக்கினார். மேடைக்குப் பின்னால் கட்டும் கனமான கறுப்புத் திரையைக் கயிற்றால் இழுத்துத்தான் ஏற்றுவீர்களாம். லாஞ்சுப் படகில் வேலை பார்த்த காலத்துப் பழக்கத்தில் நீங்கள் முன்னால் நின்று வரி சொல்வீர்களாம்.

"பாகிஸ்தான் பட்டாணி, பெங்காலி, மலையாளி, நாங்க, எல்லாருக்கும் பொதுவா ஒரே பாஷை, ஐலசா. ஒங்க வாப்பா மனசுல வர்றதையெல்லாம் வரியா வுடுவாரு. ஒருநாள் என் தொப்பையப் பத்தி. ஒருநாள் லேபர் கேம்ப் பருப்பப் பத்தி. சிரிச்சு சிரிச்சு இழுப்போம். லம்பு மைக்கைத் தூக்கிட்டு வந்து புடிச்சான். அதான் இது."

நான் திரும்ப முதலிலிருந்து கேட்டேன். இந்த முறை வரிகள் புரிந்தன.

"வெள்ளிக் கெழம, ஐலசா. வந்தாச்சு பாரு, ஐலசா. பேசாத பொண்ணு, ஐலசா. வீட்டுல இருக்கு, ஐலசா. கோழி வாங்கவா, ஐலசா. மீனு வாங்கவா, ஐலசா. கேட்டா சொல்லாது, ஐலசா!"

அந்த இடத்தில் கிட்டார்கள் இடிபோல இறங்கின. உங்கள் குரல் முடிந்துவிட்டது.

மாமா ஒரு வீடியோவும் காட்டினார். ஜெர்மனியில் ஏதோ ஓர் அரங்கம். நீள முடிக்காரர்கள், தாடிக்காரர்கள், கறுப்புச் சட்டைப் பெண்கள். எல்லாரும் முஷ்டியை உயர்த்தி, தெரியாத தமிழில், "கேட்டா சொல்லாது, ஐலசா!" என்று கத்துகிறார்கள். அவர்களுக்கு அது போருக்குப் போகும் மாலுமிகளின் முழக்கமாம்.

என் முகம் எரிந்தது, வாப்பா. கடையில் விலை கேட்கக்கூட உம்மாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். முன்பின் தெரியாத ஒரு நாடே என்னைப் பற்றிக் கத்துகிறது, அதுவும் ஒரு குறையை. என்னைப் பற்றி உங்களுக்கு இந்த வருத்தம் இருந்ததா? அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? கயிறு இழுக்கிறவர்களிடம் சொன்னீர்களா?

மாமா தயங்கித் தயங்கி அடுத்ததைச் சொன்னார். "அவர் போன விஷயம் லம்புக்குத் தெரியாது. நாந்தான் சொன்னேன். அழுதுட்டான். குடும்பத்துக்குப் பிடிக்கலேன்னா பாட்டை ஆல்பத்துலருந்து எடுத்துடுறேங்கிறான். ஒங்க வீட்ல இங்கிலீஸ் தெரிஞ்சது நீதான். நீ பேசு."

"எடுக்கச் சொல்லுங்க," என்றேன்.

உம்மா கையைத் துடைத்துவிட்டு ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். பாட்டு முடியும்வரை தலை குனிந்தே கேட்டார். பிறகு, "இம்புட்டுச் சத்தமா மனுசனுக்கு?" என்றார். "எங்கிட்ட உப்புப் பத்தலேங்கிறதையே காதோடதானே சொல்லுவாரு." சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் வேறாக மாறிவிட்டது.

அப்போதுதான் மாமா திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடப் பாவிகளா, ஜோடிய வெட்டிப்புட்டானுங்களே!"

"என்ன ஜோடி?"

"ஒங்க வாப்பா ஒத்த வரி சொல்லவே மாட்டாரு புள்ள. மொத வரிக்கு இழுக்கணும், ரெண்டாவதுக்குப் புடிச்சு நிக்கணும். ஒத்தையில வுட்டா கயிறு கையை அறுத்துப்புடும். 'கேட்டா சொல்லாது'க்கு அடுத்து ஒண்ணு இருக்கும். இருந்தே ஆகணும்."

"என்ன வரி மாமா?"

"எனக்கெப்புடித் தெரியும்? தெனம் புதுசால்ல சொல்லுவாரு."

உம்மா என்னைப் பார்த்தார். "கேளு," என்றார்.

நான் போனை எடுத்தேன், வாப்பா. மாமா நம்பரைப் போட்டுக் கொடுத்தார். லம்பு எடுத்தார். அவர் ஹலோ ஹலோ என்கிறார், நான் மூச்சு விடுகிறேன். உம்மா என் முழங்காலைப் பிடித்து அழுத்தினார். நான் உங்களுடைய மகள் என்று அவரிடம் சொன்னேன். அந்தப் பாட்டில் வருகிற பெண் நான்தான் என்றேன். அது போர் முழக்கம் இல்லை, வெள்ளிக்கிழமை கோழி வாங்குவதா மீன் வாங்குவதா என்கிற கேள்வி என்றேன்.

அந்தப் பக்கம் விட்டு விட்டு மூச்சுச் சத்தம் வந்தது. உம்மா, "சிரிக்கிறானா, அழுவுறானா?" என்று கிசுகிசுத்தார். எனக்குத் தெரியவில்லை. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த வரி வேண்டும் என்று கேட்டேன். ஒருவரிடம் ஒன்றை வேண்டும் என்று நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மாலை அஸர் தொழுகைக்கு முன் முழுப் பதிவும் வந்துவிட்டது. இசை எதுவும் இல்லை. காற்று, கயிறு, யாரோ இருமுகிறார்கள், நீங்கள். இந்த முறை ஹெட்போன் இல்லாமல் வைத்தோம். பக்கத்து பார்ட்டிஷன்காரர்கள் கேட்டால் கேட்கட்டும் என்று உம்மாவே சொல்லிவிட்டார்.

"கேட்டா சொல்லாது, ஐலசா.

கண்ணால சொல்லும், ஐலசா!"

வெள்ளிக்கிழமை டியூட்டிக்குக் கிளம்பும்போது கதவோரம் நின்று, "கோழியா, மீனா?" என்று கேட்பீர்கள். நான் பதில் சொன்னதில்லை. நீங்கள் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவீர்கள். சாயந்தரம் நான் நினைத்ததுதான் பையில் வரும். அது எப்படி என்று நான் யோசித்ததே இல்லை, வாப்பா. எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

பாட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒத்தை வரியில் விடக்கூடாது, யாருக்காவது கையை அறுக்கும் என்றேன். லம்புவுக்குப் புரிந்தது, அவரும் அந்தக் கயிற்றைப் பார்த்தவர்தானே. அடுத்த நிகழ்ச்சியில் இரண்டு வரியும் பாடுகிறார்களாம். உச்சரிப்பு வரவில்லை, சொல்லிக்கொடு என்று கேட்கிறார். 'ண்ணா' அவர் வாயில் நுழைய மாட்டேன் என்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை அவருடைய பேண்டு முழுவதும் போனுக்கு முன்னால் உட்காரப் போகிறதாம். நான் வரி சொல்வேன், அவர்கள் ஐலசா சொல்வார்கள். முருகேசன் மாமாவும் வருகிறேன் என்றிருக்கிறார், நான் மெதுவாகச் சொன்னால் தலையில் குட்டுவாராம்.

சத்தமாகச் சொல்வேன், வாப்பா. ஒரு மைதானத்துக்குக் கேட்கிற மாதிரி. இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

அப்புறம், நீங்கள் கேட்டதற்குப் பதில். மீன்.

உங்கள் பேசாத பொண்ணு,
ருக்கையா