உங்கள் கோபம் உங்களுடையதுதான்

இன்று சாயங்காலம் பேக்கரியைக் கடக்கும்போது மக்ரூன் வேகும் வாசனை வந்தது. முந்திரியும் சர்க்கரையும் லேசாகக் கருகும் அந்த வாசனை. நடக்க முடியாமல் ஓரமாக நின்றுவிட்டேன்.

நீங்கள் ஒரு பொட்டலம் வாங்கி வந்தால் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். கடையில் இருப்பதையெல்லாம் வாங்கித் தெருவுக்கே கொடுத்தால் நோய் ஏறிவிட்டது என்று அர்த்தம். மூன்று பொட்டலம் வாங்கி வரும் நாள்களில்தான் எனக்குப் பயம். சிரிப்பது நீங்களா, அதுவா என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்னளா, தெர்மாமீட்டர் மாதிரி பாக்க?" என்பீர்கள்.

பைபோலார் என்று டாக்டர் சொன்னபோது நமக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதன்பின் மாத்திரையை நீங்கள் தவறவிட்டதே இல்லை. ஆனாலும் உங்கள் சிரிப்புக்கும் சலிப்புக்கும் ஊரில் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் இருந்தது: மாத்திரை போட்டாச்சா?

துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வை பார்த்த நீங்கள், ஒருநாள் கிரேனை நிறுத்தச் சொல்லிக் கத்தியிருக்கிறீர்கள். மேனேஜர் எனக்குப் போன் செய்தார். "உங்க வீட்டுக்காரருக்குத் திரும்ப வந்துட்டுபோல. வந்து கூட்டிட்டுப் போங்க."

நான் வந்தபோது வாசல் காவலறையில் உட்கார வைத்திருந்தார்கள். கண் சிவந்திருந்தது. ஆனால் முந்தின இரவு நன்றாகத் தூங்கியிருந்தீர்கள். காலையில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனீர்கள். பேச்சும் தறிகெட்டு ஓடவில்லை.

"என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன்.

"கம்பிவடத்துல இழை அறுந்து தொங்குது. கீழ ஆளுங்க நிக்காவ. சொன்னா ஒருத்தனும் கேக்கல."

மேனேஜரிடம் திரும்பினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இவருக்குச் சீக்கு இல்ல சார், கோவம். அந்தக் கம்பியப் பாத்துட்டு வந்து பேசுங்க."

போய்ப் பார்த்தார்கள். வடத்தை மாற்றினார்கள். யாரும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கிளம்பும்போது மேனேஜர் என்னிடம் தனியாக, "எதுக்கும் மாத்திரைய ஒழுங்காப் போடச் சொல்லுங்க" என்றார். அது உங்கள் காதிலும் விழுந்தது.

வீட்டுக்குக் கிளம்பினோம். உப்பளங்களைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தினீர்கள். "சரியாச் சொன்னாலும் சீக்குங்காவ. நான் இனி எப்படிளா கத்த?"



போன மாசி மாதம் நெஞ்சுவலியில் போனீர்கள். துக்கத்துக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் என் காதருகே குனிந்து, "தானாவே ஏதும்...?" என்று இழுத்தார். "நெஞ்சுவலி" என்றேன். நம்பாமல் தலையை ஆட்டினார். செத்த பிறகும் உங்களை விடவில்லை.

அவர்மேல் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் நானும் ஒருமுறை உங்களிடம் கேட்டிருக்கிறேன். கொட்டுகிற மழையில் பைக்கில் உடன்குடிக்கு வந்து, என் அப்பாவிடம் நேரடியாகப் பெண் கேட்டீர்களே, அந்த நாள்களிலேயே நோய் தொடங்கியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னது என்னை அரித்துக்கொண்டே இருந்தது. "என்னயக் கேட்டு வந்தது நீங்களா, அதுவா?"

நீங்கள் கோபப்படவில்லை. "தெரியலளா. அன்னைக்கு வந்தவன் யாருன்னு எனக்கே தெரியல. அதுக்குப் பொறவு தெனமும் வேலை முடிஞ்சு உங்கிட்ட வந்தவன் நாந்தான்."

அந்தப் பதில் சில நாள் போதுகிறது. சில நாள் போதவில்லை, படுத்துக்கொண்டு அந்த மழைநாளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

புது ஆள்கள் யாராவது உங்களைப் பற்றிக் கேட்டால், துறைமுகத்தில் வேலை பார்த்தார் என்று ஆரம்பிக்கிறேன். பாட்டு வராது, ஆனாலும் கோயில் கொடைத் திருவிழாவில் மைக் பிடித்துப் பாடுவார் என்கிறேன். மீன்முள் எடுக்கத் தெரியாது, நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். மற்றதை, கேட்டால் மட்டும் சொல்கிறேன்.