கன்னற்கோட்டை வாயிலில் மோர்க்குவளை

நலம் பெருகுக! வற்றா அருவிகளுக்கு உரியவரும், பகைவர்க்கு இடியும் அடைந்தார்க்கு நிழலுமான மாமன்னர் நெடுங்கோவேளின் திருவாணைப்படி அமைச்சன் நக்கன் அரையன் எழுதுவிக்கும் ஓலை. கரும்பு சூழ் கன்னற்கோட்டையின் காவலரும் மன்னரின் தங்கை கணவருமான மல்லனார் கண்டு தெளிக. தங்கள் கொற்றமும் குடியும் கரும்பாலைகளும் நீடு வாழ்க.

தங்கள் திருமகளின் மணத்துக்கு மன்னர் எழுந்தருள்கிறார். நாடே மகிழ்ந்திருக்க, அமைச்சன் ஒருவன்தான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறான். காரணம் தங்கள் ஊர் வழக்கம். விருந்தினர் வாயில்தோறும் பானகம் பருக வேண்டுமாம். குவளையில் ஒரு துளி மிஞ்சினாலும் வீட்டாரை இகழ்ந்ததாகுமாம். மன்னரோ நீரிழிவு நோயினர். எவர் முகமும் வாடப் பொறாதவர். நீட்டிய குவளையைத் தள்ள அவருக்குக் கை வராது.

மன்னருக்கு வெல்லம் ஆகாதென்று சென்ற அறுவடை விழாவுக்கு முன்பே அமைச்சன் தூதனுப்பினான். அது செவிடன் காதில் ஊதிய சங்காயிற்று. தங்கள் மடைப்பள்ளியார் வெல்லத்தை நீக்கிவிட்டு, கரும்புச்சாற்றில் தேன் கலந்து கொடுத்து, சொன்னபடியே செய்தோம் என்று நெஞ்சு நிமிர்த்தினராம். தேன் மருந்தன்றோ என்றும் கேட்டனராம். என்ன சொல்லி அழுவது! அம்மருந்தைப் பருகித் திரும்பிய மன்னரின் கால்விரற்புண் ஆறவேயில்லை. மருத்துவர் அவ்விரலை எடுத்துவிட்டார். தங்கை வருந்துவாள் என்று மன்னர் இதை மறைக்கச் சொன்னார்; மறைத்தது போதும் என்று அமைச்சன் இன்று எழுதிவிட்டான்.

ஆதலின், வாயில்தோறும் உப்பிட்ட மோரும் சீரகநீருமே வைக்கப்படுக. கருப்பட்டி என்றும் கற்கண்டு என்றும் பழச்சாறு என்றும் பெயர் மாற்றிக்கொண்டு இனிப்பு உள்ளே நுழையலாகாது. கருமித்தனம் என்று ஊரார் பழியாதிருக்க, முதற்குவளையைத் தாங்களே முன்னின்று பருகுக. வழக்கத்துக்குக் குறைவில்லை, மன்னர் கடைசித் துளிவரை பருகுவார்.

இவ்வோலை மன்னர் திருமுன் படிக்கப்பட்டது. விரலைப் பற்றிய வரிகளை நீக்கச் சொல்வாரென்று அமைச்சன் அஞ்சி நின்றான். மன்னர் நீக்கச் சொல்லவில்லை. முத்திரை வைக்கும் இடம் எது என்று மட்டும் கேட்டார். ஓலை அவர் கண்ணெதிரேதான் இருந்தது.

கோணலாய் விழுந்த இம்முத்திரையே அரசாணை. வழுவற்க.