விதைக்கடலைப் பானையில் கிடந்த கார்டு

குஜிலியம்பாறை,
9-7-1962

அன்பு மகள் பொன்னழகுக்கு, உன் அப்பன் உடையப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நாகபுரியில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்கக் கருப்பணசாமி காவலிருக்கட்டும். இங்கே மழை இன்னும் சரியாக விழவில்லை, கடலைக்காட்டை ஒரு உழவு உழுது போட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடேரி.

தாயி, உன் தம்பி மலைச்சாமிக்குக் காலேஜிலிருந்து பதிலே இல்லை என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா, அது பொய். மே மாதமே கார்டு வந்துவிட்டது. ஜூன் நாலாம் தேதி மெட்ராஸுக்கு வந்து நீந்திக் காட்டு, தேறினால் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய இடத்தில் சேர்த்துக்கொள்கிறோம் என்று தெளிவாக எழுதியிருந்தது. நான்தான் அதை விதைக்கடலைப் பானைக்குள் போட்டு மூடினேன். நீ கல்யாணமாகிப் போய்விட்டாய், அவனும் போனால் மாடு கட்டிக் கமலை இறைக்க யார் என்ற பயம், தண்ணீரில் கிடப்பவனுக்கு ஒரு காலேஜா என்ற இளக்காரம். சின்ன வயதில் அவன் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீந்தப் பழக்கியவள் நீ. அவன் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் சௌகத் அலிக்கு எழுதி, அவனை ஜில்லாப் போட்டிக்கும் அனுப்பவைத்து, காலேஜுக்கும் எழுதச் சொன்னவள் நீ. அதெல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

அவன் தினமும் தபால்காரரை எதிர்பார்த்து ரோட்டில் போய் நிற்பான், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜூன் பத்தாம் தேதி பேகம்பூருக்கு, மாஸ்டர் வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறான். அவர், ஏம்ப்பா நாலாந்தேதி போகல, கார்டு போட்டோம்னு எனக்கும் எழுதியிருக்காங்களே என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டைப் பூட்டி இறைக்கப் போனான். அன்றிலிருந்து கிணற்றில் இறங்குவதை விட்டுவிட்டு மேலே நின்று வாளியில் மொண்டு குளித்தான். உன் அம்மாதான், மக அம்புட்டுத் தூரத்துல இருந்தும் நம்மகிட்டதான் இருக்கா, இவன் வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு நம்மள விட்டுப் போயிட்டான்யா என்றாள். அன்றைக்கு ராத்திரியே பானையைத் திறந்து கார்டை வெளியே எடுத்தேன்.

மறுநாள் அதைக் கொண்டுபோய் மாஸ்டர் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய, அங்க வந்து சொல்லுங்க என்றார். மலைச்சாமியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் ரயிலேறினோம். காலேஜில் விளையாட்டு அதிகாரி, தேதி முடிஞ்சுபோச்சு, ஆள் எடுத்தாச்சு என்று எழுந்துவிட்டார். நான் கார்டை மேசைமேல் வைத்து, ஐயா, பையன் மேல தப்பில்ல, நாந்தான் ஒளிச்சு வச்சேன் என்றேன். அங்கே நின்ற பிள்ளைகளும் தகப்பன்மாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி கார்டை எடுத்து வாசித்துவிட்டு, நீந்தட்டும், இடம் தாறேன்னு சொல்லல என்றார். ஏற்கெனவே எடுத்திருந்த பையன்களோடு நீந்தவிட்டார். கிணற்றில் பழகியவனுக்குச் சுவரைத் தொட்டுத் திரும்பத் தெரியவில்லை தாயி. ஒவ்வொரு திருப்பத்திலும் பின்தங்கினான், ஒவ்வொரு தரமும் விரட்டிப் பிடித்தான், கடைசியில் மூன்றாவதாகத்தான் வந்தான். எல்லாம் போச்சு என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அதிகாரியோ, திரும்புறத ஒரு மாசத்துல சொல்லிக்கொடுத்துருவேன், இந்தக் கைவீச்ச யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது என்றார். எடுத்தவர்களில் ஒருவன் சேர வரவில்லையாம், அந்த இடத்தைக் கொடுத்தார். ஹாஸ்டலில் விட்டுவிட்டுப் புறப்பட்டபோது மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான். என்னைப் பார்த்து, பாத்துப் போங்க என்றான். அப்பா என்று சொல்லவில்லை.

நீ பட்ட பாட்டையெல்லாம் நான் ஒரு பானைக்குள் போட்டு மூடப் பார்த்தேன். என்னைப் பொறுத்துக்கொள். மாப்பிள்ளைக்கும் இதை மறைக்காதே. குழந்தைக்குக் காது குத்தத் தை மாதம் வரவேண்டும், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுக்கச் சொல். எல்லோரும் நூறு வயது நன்றாக இருங்கள். தம்பி வாரம் தவறாமல் உன் அம்மா பேருக்குக் கார்டு போடுகிறான். அவளுக்கு வாசிக்கத் தெரியாததால் நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். மாடு, கன்று, பக்கத்துக் காட்டு சோலைமுத்து வரைக்கும் விசாரிக்கிறான், என்னை விசாரிப்பதில்லை. உனக்கு எழுதும்போது அவன் என்னைப் பற்றி ஏதாவது எழுதினால், வசவாக இருந்தாலும் சரி, அப்படியே எனக்கு எழுது தாயி.

இப்படிக்கு,
உன் அப்பன்
ரா. உடையப்பன்