செயினும் என் முட்டியும்

தாரணி,

கடைசி நாள் காலையிலும் அப்பா பைக் செயினைப் புறங்கையால் தொட்டுக் காய்ச்சல் பார்த்தார். “ஸ்ப்ராக்கெட், அதான் செயின் சுத்துற பல்சக்கரம், சின்னதா இருந்தா செயின் ரொம்ப மடங்கணும். மடங்க மடங்க உரசும், சூடாகும். உன் முட்டி மாதிரிதான், மீனாட்சி!”

“என் முட்டியை விட்டுட்டு காபியைக் குடிங்க” என்றேன். மத்தியானம் அவர் இல்லை.

அதனால்தான் நேற்று நீ பிக்கப்புக்காகச் சின்ன ஸ்ப்ராக்கெட் மாட்டுவேன் என்றதும் கத்திவிட்டேன். மாட்டிக்கொள்ளடி, வண்டி இனி உன்னுடையது. சூடாகிறதா என்று வண்டியை நிறுத்திவிட்டுத் தொட்டுப் பார். எண்ணெய் விட மறக்காதே.

தோசை மாவு ஃப்ரிட்ஜில். நான் மயிலாப்பூர் போய் வருகிறேன்.

அம்மா

பி.கு.: முதல் உதைக்கு ஸ்டார்ட் ஆகவில்லை என்று பயப்படாதே. அப்பாவுக்கும் இரண்டாவது உதைக்குத்தான் ஆகும்.