படையலில் ஒரு சூரமங்கலத்துக் கிண்ணம்

ஏனுங்க,

உயிரோடு இருந்தபோதே நாலு தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பீர்கள். அதனால் இந்த முறை எழுதியே விடுகிறேன். நேற்றோடு நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. வருஷப் படையல் முடிந்தது. அதில் நீங்கள் கேட்டதும் இருந்தது. அது எப்படி இலைக்கு வந்து சேர்ந்தது என்பதை நான் சொல்லாமல் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

முதலில் வீட்டுச் சேதி. கோழிகள் நன்றாக இருக்கின்றன. முட்டை வண்டியை இப்போது நானேதான் ஓட்டுகிறேன். சிரிக்காதீர்கள். நாமகிரிப்பேட்டையிலிருந்து சேலம் போய்ச் சேர்வதற்குள் உங்கள் கையில் உடைந்த முட்டைகளில் பாதிகூட என் கையில் உடைவதில்லை. ரிவர்ஸ் எடுப்பது மட்டும் இன்னும் வசப்படவில்லை.

வண்டி தினமும் சேலத்துச் சூரமங்கலம் போகும். லானின் சாப்பாட்டுக் கடைப் பின்வாசலில் முட்டையை இறக்கிவிட்டு வந்துவிடுவேன். நம் மேசைப் பக்கம் மட்டும் ஒரு வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. லானும் தினமும், "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க அக்கா" என்பாள். வண்டி நிற்கிறது, வெயிலாகிவிடும் என்று ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவேன்.

என்னை முதன்முதலாக அங்கே கூட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? நம்மூர் செந்தில் கோழித்தீவன வேலைக்கு வியட்நாம் போனான், வரும்போது லானைப் பெண்டாட்டியாகக் கூட்டிக்கொண்டு வந்தான், அவள் கைச் சமையலைத் தின்னாமல் செத்தால் பாவம் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தீர்கள். மொத்தம் ஆறே மேசை. கல்லாவில் அவன், அடுப்பில் அவள். யாராவது வந்து கோபி மஞ்சூரியன் கேட்டால், "அது எங்கூட்டுச் சமையல் இல்லீங்க, பக்கத்துக் கடையில கிடைக்குமுங்க" என்று லானே வழி காட்டி அனுப்பிவிடுவாள். மாமியாரிடம் தமிழ் படித்தவள் அல்லவா, வாசலில் வந்து நிற்கும் நாயைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவாள்.

கிண்ணம் வந்ததும் நான் மோந்து பார்த்துவிட்டு, பிரியாணி வாசம் வருகிறது, சோற்றைத்தான் காணோம் என்றேன். பட்டையும் அன்னாசிப்பூவும் போட்டுக் கொதித்த கோழிச்சாறு. அதற்குள் வெள்ளை வெளேரென்று என்ன கிடந்தது? நம் சந்தவை! அரிசி மாவில் இடியாப்பம் மாதிரி பிழிந்த அதே சந்தவை. "ஃபோ" என்று அவள் பேர் சொன்னாள். நீங்கள் கடைசிவரைக்கும் தண்ணி நூடுல்ஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, சோறு தின்றால்தான் தின்ற மாதிரி என்று ஒரு கிண்ணம் சோறும் கேட்டு வாங்கினீர்கள். தண்ணீர் குடிக்கக் கை வேண்டுமே என்று சாப்பிடக் கொடுத்திருந்த இரண்டு குச்சிகளையும் அந்தச் சோற்றின் நடுவில் செங்குத்தாகக் குத்தி வைத்தீர்கள். வாழைப்பழத்தில் ஊதுபத்தி குத்தியே பழகிய கை, வேறு என்ன செய்யும்? லான் அடுப்பை விட்டு ஓடிவந்து அதைப் பிடுங்கிக் கிண்ணத்தின் மேல் படுக்க வைத்தாள். அவள் முகமே வெளுத்துவிட்டது. செத்துப்போனவர்களுக்கு வைக்கிற சோற்றில்தான் அவர்கள் ஊரில் அப்படிக் குத்துவார்களாம், மேலே ஒரு அவித்த முட்டையும் இருக்குமாம் என்று செந்தில்தான் விளக்கிச் சொன்னான்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? "முட்டை வேற வெக்கறாங்களா? அப்ப நாஞ் செத்தா நீயே வந்து குத்திப்போடு அம்மிணி." நான் மேசைக்கு அடியில் உங்கள் காலை நன்றாக மிதித்தேன். மிதித்ததோடு அதை மறந்தும் விட்டேன்.

இப்போது படையலுக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் முன்னாடி நாளே வந்துவிட்டார். இலைக்கு என்னென்ன என்று கேட்டார். கறிக்குழம்பு, வடை, பணியாரம் என்று சொல்லிக்கொண்டே வந்து, லான் கடைச் சாப்பாடும் வைக்கிறேன் என்றேன். அவ்வளவுதான், முகம் கறுத்துவிட்டது. அவர் கையால் சூடம் காட்டினால்தான் நம் வீட்டில் படையல். அது தெரிந்தேதான் சொன்னார்: "அதை இலைக்குக் கொண்டாந்தீன்னா நான் சூடங் காட்ட மாட்டேன்."

நானும் விடவில்லை. செத்தவருக்குப் பிடித்ததைத்தானே வைப்பது வழக்கம் என்றேன். அப்படியென்றால் கண்டதையும் வைப்பாயா என்று கேட்டார். மாமனார் படையலில் சுருட்டு வைத்துப் பற்றவைத்தது யார் என்று திருப்பிக் கேட்டேன். சுருட்டு நம்மூர்ச் சாமான் என்றார். இதுவும் சந்தவைதான் என்றேன். சந்தவை என்றால் தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும், கோழிச்சாறு ஊற்றக் கூடாது என்றார். உங்கள் அண்ணனிடம் பேசி ஜெயிக்க முடியுமா? உங்களாலேயே முடிந்ததில்லை.

ஆனாலும், படையலுக்கு ஃபோ கொண்டு வரச் சொல்லியிருந்த லானுக்குக் காலையில் வர வேண்டாம் என்று நான் போன் செய்யவில்லை. வேண்டுமென்றேதான் செய்யவில்லை. ஆகிறது ஆகட்டும் என்று இருந்தேன்.

பதினோரு மணிக்கு அவளும் செந்திலும் வந்தார்கள். புடவை கட்டி, கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வாசலில் நின்றாள். அண்ணன் நிலைப்படியை விட்டு நகரவில்லை. அவள் தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கும்பிட்டாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த துணியைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே இரண்டு குச்சிகள், புதுசு. எனக்கு அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை சுருக்கென்று ஞாபகம் வந்தது.

"முட்டைக்கார அண்ணன் கேட்டாருங்க, செத்தா நீயே வந்து குத்தோணும்னு. நான் சரின்னு தலையாட்டிட்டனுங்க. வாக்குங்க அது. குத்திட்டு உடனே போயிடறனுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நிஜமா என்று கண்ணாலேயே கேட்டார். நடந்ததைச் சொன்னேன். முட்டையைப் பற்றி நீங்கள் கேட்டதையும், நான் காலை மிதித்ததையும் விடாமல் சொன்னேன். கொடுத்த வாக்குக்காக நிலத்தையே விட்டுக்கொடுத்தவர் அவர் என்பது உங்களுக்குத் தெரியாததா? உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு நிலைப்படியை விட்டு விலகினார்.

"அவன் கேட்டு வாங்குன வாக்கா," என்றார். "அப்ப உள்ள வா சாமி. உன்ற கையாலயே வெய்யி."

இலையில் வடைக்கும் பணியாரத்துக்கும் நடுவில் அவரே இடம் ஒதுக்கினார். லான் ஃபோ கிண்ணத்தை வைத்தாள். பக்கத்தில் சோற்றுக் கிண்ணம், அதன் மேல் உரித்த முட்டை. குச்சிகளை நிமிர்த்திக் குத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அண்ணன் சூடம் காட்டினார். நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றோம்.

அங்கேதான் அழுதேனுங்க. ஒரு வருஷமாகத் தைரியக்காரி என்று ஊரில் பேர் வாங்கியவள், லான் தோளில் சாய்ந்து அழுதேன். நீங்கள் இல்லாதது எனக்குத் தாங்கவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

கதவைத் திறந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஃபோவை முதலில் கேட்டு வாங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? அண்ணன்தான். கையால் அள்ளிச் சாப்பிட்டார், சாற்றைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். பிறகு அந்த முட்டையை எடுத்துப் பாதியாகப் பிட்டு எனக்கு ஒன்று கொடுத்துவிட்டுக் கேட்டார்: "முட்டை நம்முளுதுதானே?"

"நம்முளுதுதானுங்க மாமா. நேத்து நாந்தான் வண்டியில கொண்டு போய்க் குடுத்தேன்."

தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டு முடித்தார்.

இனிமேல் பின்வாசலோடு திரும்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை முன்வாசல் வழியாகப் போய், நம் மேசையில் உட்கார்ந்து ஃபோவும் சோறும் வாங்கிச் சாப்பிடுவேன். குச்சி பிடிக்கவும் கற்றுக்கொள்வேன். சாப்பிட்டு முடித்ததும் அதைக் கிண்ணத்தின் மேல் படுக்கத்தான் வைப்பேன். எனக்கு இன்னும் நாள் இருக்கிறதுங்க.

உங்கள் ஊட்டுக்காரி,
சரசு